திறக்காமல் போட்ட கோடு

சின்ன நர்ஸ் சைக்கிள் கடை வாசலில் வந்து நின்றபோது காதுக்காரர் ஒரு டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். அவளுடைய சைக்கிள் ஒரு தள்ளுவண்டியில் படுத்துக் கிடந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அவள் புருஷன் வியர்வையைத் தோளில் துடைத்தான். சைக்கிளின் முன்சக்கரம் மட்டும், அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு, தனியாக அவள் கையில் இருந்தது. முகவாயில் ஐந்து தையல், மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. பேசும்போது கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க வேலைய நான் கெடுத்துட்டேன்."

காதுக்காரர் எழுந்து நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்ன ஆயிற்று என்று கேட்டார். அவள் சொன்னாள். காலையில் இரண்டாவது நோயாளி வீட்டுக்குக் கட்டு மாற்றப் போய்க்கொண்டிருந்தாள். இறக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதில் இறங்கி ஏறியதுதான் தெரியும். "ஹேண்டில்பார் என் கையில இருக்கு, சக்கரம் அது பாட்டுக்குத் தனியா போகுது. நான் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேண்ணே, அது எங்க போகுதுன்னு. அப்புறம் பார்த்தா நான் தரையில கிடக்குறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், பாதிச் சிரிப்பில் முகம் சுளித்தது.

அவர் ஃபோர்க்கை வாங்கிப் பார்த்தார். இரண்டு கால்களும் சேருகிற தோளுக்கு ஒரு விரல்கடை மேலே, சட்டத்தின் குழாய்க்குள் ஏறுகிற தண்டு முறிந்திருந்தது. முறிந்த வட்டத்தில் ஒரு பாதி புதிதாக, பொடிப்பொடியாக மின்னியது. மறுபாதி கரும்பழுப்பு. அந்தப் பழுப்பைக் காதுக்காரர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். இன்றைக்கு முறிந்த இரும்பு இன்றைக்கே துருப்பிடிக்காது. அந்தப் பாதி எப்போதோ கீறிவிட்டது. எட்டு மாதமோ பத்து மாதமோ, கீறலுக்குள் ஈரம் போய், துரு ஏறி, மீதிப் பாதி மட்டுமே இந்தப் பெண்ணையும் அவளுடைய மருந்துப் பையையும் சுமந்துகொண்டு ஊரெல்லாம் போயிருக்கிறது. தண்டின் மேல் பழைய கிரீஸ் கரிக்கட்டியாக இறுகிக் கிடந்தது. அவர் கையால் துடைத்துப் புது கிரீஸ் வைத்த தண்டு இப்படி இருக்காது. சைக்கிள் வேலை தெரிந்த யாருக்கும் இதைப் படிக்க எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. நல்லவேளையோ கெட்டவேளையோ, அந்த வாசலில் சைக்கிள் வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"பள்ளத்தை நான்தாண்ணே பார்த்திருக்கணும்" என்றாள் அவள். "ஆபீஸ்ல கேட்டாங்க, மெக்கானிக் சரியா பார்க்கலையான்னு. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எங்க அண்ணன் சிவப்புக் கோடு போட்ட வண்டி அது, அவரைச் சொல்லாதீங்க, என் கவனக்குறைவுதான்னு எழுதியே குடுத்துட்டேன்."

"எழுதியா குடுத்த?"

"ஆமா. அதனால விசாரணை முடியுற வரைக்கும் வெளிய அனுப்பமாட்டாங்களாம். உள்ள உட்கார்ந்து பஞ்சு மடிக்கணும். முடிஞ்சப்புறமும் அனுப்புவாங்களான்னு தெரியல." இதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் இறங்கியது. பற்கள் போனதைச் சொன்னபோதுகூட இறங்கவில்லை. "நீங்க புது ஃபோர்க் போட்டு உங்க கோட்டைப் போட்டு வையுங்கண்ணே. அது இருந்தாத்தான் எனக்கு ஏறத் தைரியம் வரும்."

காதுக்காரர் வாயைத் திறந்தார். நிஜமாகவே திறந்தார். ஆனால் வந்தது, "அதெல்லாம் பார்த்துக்கலாம்மா, நீ போய் ரெஸ்ட் எடு" என்பதுதான். புருஷன்காரன் போகிறபோது திரும்பி, "பெரிய மனசுண்ணே உங்களுக்கு, வேற ஆளா இருந்தா வண்டிய ஒழுங்கா ஓட்டத் தெரியலையான்னு திட்டியிருப்பான்" என்றான். பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது அவருக்கு. பூமிக்கு அன்று வேறு வேலை இருந்தது போலிருக்கிறது, கடைத்தரை அப்படியே கிடந்தது.

அந்தச் சிவப்புக் கோடு அவருடைய சொந்த வழக்கம். வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸுகளுக்கு அவர்களுடைய ஆபீஸ் பத்து சைக்கிள்கள் கொடுத்திருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பத்தையும் அவர்தான் பார்த்துத் தருவார். மேலே நட்டைத் தளர்த்தி, ஹேண்டில்பாரை உருவி, ஃபோர்க்கை முழுதாக வெளியே எடுத்து, தண்டைத் துடைத்து, தோள் சேருமிடத்தில் கீறல் உண்டா என்று பார்த்து, பேரிங் குண்டுகளைக் கழுவி, புது கிரீஸ் வைத்து மூட வேண்டும். மூடிய பிறகு நட்டிலிருந்து சட்டம்வரை நகப்பூச்சால் ஒரு சின்ன சிவப்புக் கோடு. திறந்தேன், பார்த்தேன், மூடினேன் என்று அர்த்தம். வேறு யாராவது நட்டைத் திருப்பினால் கோடு பிசகிவிடும். நகப்பூச்சு வாங்க அவரே கடைக்குப் போவார். அந்தக் கடைக்காரம்மா, பெண்டாட்டிமேல் இவ்வளவு ஆசை வைத்த மனுஷனைப் பார்த்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

காதுக்காரர் என்ற பெயர் வந்தது வேறு கதை. முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டு, எழும் சத்தத்தைக் கேட்டு, எங்கே என்ன தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேரிங் தளர்வு, பிரேக் கம்பி உதறல், இதெல்லாம் காதுக்கு அகப்படும். கீறல் அகப்படாது. ஃபோர்க் முறிகிற நாள்வரைக்கும் கீறல் வாயே திறக்காது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் தேவலை.

நான்கு மாதத்துக்கு முன்னால் அந்தப் பத்து சைக்கிளையும் ஆபீஸ் சைக்கிள் நிறுத்தத்தில் வைத்தே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றைத் திறந்து மூடியிருந்தார். நர்ஸுகள் வேலை முடிந்து சுற்றி நின்றார்கள். நான்காவதைத் தூக்கிப் போட்டு, காதைச் சாய்த்து, "உள்ள ஒரு குண்டு குறையுது" என்றார். திறந்து பார்த்தால் நிஜமாகவே ஒரு குண்டு குறைந்தது. அவ்வளவுதான். ஒருத்தி கைதட்டினாள். என்னுடையதைக் கேளுங்கள், என்னுடையதைக் கேளுங்கள் என்று சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. தூக்கினார், போட்டார், கண்ணை மூடினார், "தங்கம்" என்றார். கோடு போட்டார். அடுத்தது. ஆறு சைக்கிள்களை அப்படித் திறக்காமலே தங்கமாக்கினார். சின்ன நர்ஸ் தன் சைக்கிளின் சீட்டைத் தட்டி, "கேட்டியா, நீ தங்கமாம்" என்று சொன்னது அவருக்கு இப்போதும் நினைவிருந்தது. அவசரம் இல்லை, உடம்பு சரியில்லாமல் இல்லை, சாமான் தீர்ந்துபோகவில்லை. கைதட்டலுக்காகச் செய்தார். ஐம்பத்திரண்டு வயதில், தலையில் பாதி நரைத்த பிறகு.

அன்று மாலை மூன்று பேர் டயருக்குக் காற்றடிக்க வந்தார்கள், மூன்று பேரும் வாசலில் கிடந்த முறிந்த சைக்கிளைப் பார்த்து, அதை வைத்திருந்த பெண் எப்படி ஓட்டியிருப்பாள் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மூவருக்கும் காற்றடித்துக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டார். நான்காவது ஆள் வருவதற்குள் ஃபோர்க்கைக் கோணியில் சுற்றி உள்ளே வைத்தார்.

கோணியைப் பிரித்தது அவர் மனைவி. பழந்துணி தேடிக் கடைக்குள் போனவள் அதை எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். சாப்பிடும்போது தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அந்தத் துரு எத்தனை நாள் துரு?"

அவர் சாப்பாட்டைப் பிசைந்தார். அவள் அப்பாவும் சைக்கிள் கடைதான். அவளிடம் மழுப்பிப் பிரயோஜனமில்லை.

"நான் அத திறக்கல" என்றார்.

"மத்ததெல்லாம்?"

"நாலு திறந்தேன். ஆறு திறக்கல."

அவள் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் சாப்பாடு இறங்கியிருக்கும்.

"நாளைக்கே எல்லாத்தையும் கடைக்கு வரச்சொல்லிடுறேன்" என்றார். "இலவசமா ஒரு சர்வீஸ் பண்ணித் தர்றேன்னு சொல்லிட்டு, சத்தமில்லாம திறந்து பார்த்துடுறேன். அப்புறம் ஒரு பிரச்சனையும் இல்ல."

"பண்ணுங்க. இலவசமா பண்ணித் தந்த புண்ணியவான்னு இன்னும் நாலு பேரு சொல்லுவாங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு உள்ள உட்கார்ந்து பஞ்சு மடிச்சுக்கிட்டு இருக்கட்டும்."

இரவெல்லாம் அவர் புரண்டுகொண்டிருந்தார் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகவே தூங்கிவிட்டார். விடிந்து எழுந்தபோது அதுவும் சேர்ந்து வெட்கமாக இருந்தது.

கருவிப்பையை எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கே ஆபீஸுக்குப் போனார். பையில் எல்லாம் வைத்திருந்தார், முறிந்த ஃபோர்க்கை மட்டும் கடையிலேயே விட்டிருந்தார். என்ன சொல்வது என்பதை வழியில் முடிவு செய்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தார், வழி சின்னதாகப் போய்விட்டது. சைக்கிள் நிறுத்தத்தில் நர்ஸுகள் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற ஒரு வருஷமே பாக்கியுள்ள பெரிய நர்ஸ், முழங்கால் வலிக்காரி, தன் சைக்கிளின் முன்சக்கரத்தை ஒரு சாண் தூக்கித் தரையில் போட்டாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். திருப்தியாகத் தலையாட்டினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் அதையே செய்தாள். அவரைப் பார்த்ததும் இருவரும் சிரித்தார்கள்.

"நீங்க கத்துக்குடுத்ததுதான் தம்பி. நேத்து அந்தப் பொண்ணு விழுந்ததிலேர்ந்து எல்லாரும் கேட்டுட்டுத்தான் ஏறுறோம்" என்றாள் பெரிய நர்ஸ்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன் வித்தை இப்படிக் குட்டிபோட்டுப் பெருகியிருக்கும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை. இனி இவர்கள் தினமும் காலையில் தூக்கிப் போட்டு, கேட்டு, நிம்மதியாக ஏறிப் போவார்கள். "யாரும் கொஞ்ச நேரம் கிளம்பாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

சூப்பர்வைசர் அம்மா அவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றாள். மேஜையில் ஒரு தாள் இருந்தது. அதை அவர் பக்கம் திருப்பினாள். "அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்தது. இதுக்குக் கீழ நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா விஷயம் முடிஞ்சுது. வண்டியில குறை எதுவும் இல்ல, பார்த்துத்தான் குடுத்தேன்னு. அவ்வளவுதான்."

குண்டு குண்டான எழுத்து. 'சைக்கிளில் எந்தக் குறையும் இல்லை. மெக்கானிக் அண்ணன் எங்கள் சைக்கிள்களைத் தன் வீட்டுச் சைக்கிள் போலப் பார்த்துத் தருபவர். நான்தான் பள்ளத்தைக் கவனிக்காமல் ஓட்டினேன். இது என் கவனக்குறைவு.' கவனக்குறைவு என்ற சொல்லில் மட்டும் ஒரு எழுத்தை அடித்துத் திருத்தியிருந்தாள். தையல் போட்ட முகவாயோடு, வலியோடு உட்கார்ந்து, பிழையில்லாமல் எழுதவேண்டும் என்று அவள் அடித்துத் திருத்தியது அவர் கண்ணில் நின்றது.

"கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றார்.

"நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

பேனாவை வாங்கினார். சட்டைப்பையில் கண்ணாடியின் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் அம்மா அதைப் பார்த்தாள், அவள் பார்த்ததை அவரும் பார்த்தார். காது மடல்வரை சூடேறியது. பேனாவைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"அம்மா, நான் அந்த வண்டியத் திறக்கவே இல்ல."

"கோடு இருந்துச்சே?"

"கோடு போட்டேன். திறக்கல." பிறகு நிறுத்த முடியவில்லை. கைதட்டல், தங்கம், ஆறு சைக்கிள், பழுப்புத் துரு எல்லாவற்றையும் சொன்னார். நேற்று அவள் வாசலில் வந்து நின்றபோது வாயை மூடிக்கொண்டதையும் சொன்னார். சொல்லச் சொல்லப் பாரம் இறங்கும் என்பார்கள். இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் சொல்லி அது இன்னொருவர் காதில் விழுந்த பிறகுதான் அதன் அளவு அவருக்கே தெரிந்தது.

சூப்பர்வைசர் அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "இப்ப வெளிய ஒன்பது வண்டி நிக்குது. திறக்காதது அஞ்சு. எது எதுன்னு சொல்லுங்க, அத மட்டும் நிறுத்திடுறேன்."

அவரும் எட்டிப் பார்த்தார். எல்லாம் ஒரே ஆபீஸ் சைக்கிள், ஒரே கறுப்பு. எல்லாவற்றிலும் ஒரே கை போட்ட ஒரே கோடு. "தெரியலம்மா" என்றார்.

அவள் எழுந்து கதவைத் திறந்து சின்ன நர்ஸைக் கூப்பிட்டாள். பஞ்சு ஒட்டிய கையோடு அவள் வந்தாள். அவரைப் பார்த்ததும் கைக்குட்டையைத் தேடினாள். "நீங்களே சொல்லுங்க" என்றாள் சூப்பர்வைசர் அம்மா.

இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிட மோசமாக இருந்தது. நான்கே வாக்கியங்களில் முடித்துவிட்டார். மன்னிப்பு என்ற சொல் தொண்டைவரை வந்தது, அதைக் கேட்டால் அவள் கொடுத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது, விழுங்கிக்கொண்டார்.

சின்ன நர்ஸ் மேஜைமேல் கிடந்த தன் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"திறக்கலன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா, நான் நடந்து போயிருப்பேன்" என்றாள். "அவ்வளவுதானே அண்ணே."

தாளை எடுத்து நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சூப்பர்வைசர் அம்மா வேறொரு தாளையும் அவர் வைத்த பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினாள். இந்த முறை கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்ததை எழுதினார்.

எல்லாச் சைக்கிளையும் நிறுத்தியாயிற்று. நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்பதால் கோபப்படக்கூட யாருக்கும் நேரமில்லை. விஷயம் கேட்டதும் ஒருத்தி, "அடப்பாவி" என்று மெல்லச் சொன்னாள். பெரிய நர்ஸ் சைக்கிளில் கட்டிய பையை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "குடுங்கக்கா" என்று சின்ன நர்ஸ், தன் பை ஒரு தோளில் இருக்க, அதையும் வாங்கிக்கொண்டாள். சூப்பர்வைசர் அம்மா ஜன்னலில் நின்றபடி அவள் வெளியே போவதைப் பார்த்தாள், தடுக்கவில்லை. மருந்துப் பைகளோடு பெண்கள் நான்கு திசையிலும் வெயிலில் நடந்து போனார்கள். அவர்கள் திருப்பங்களில் மறையும்வரை ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றார்.

மதியத்துக்குள் ஒன்பது ஃபோர்க்குகளையும் உருவி, கோணிமேல் வரிசையாக வைத்துவிட்டார். எதையும் தூக்கிப் போட்டுக் கேட்கவில்லை. ஒவ்வொரு தண்டையும் சுரண்டித் துடைத்து, தோள் சேருமிடத்தில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, காயத் துடைத்து, மேலே சாக்பீஸை அழுத்தித் தேய்த்தார். கீறல் இருந்தால் அதற்குள் ஒளிந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து வெள்ளையில் கறுப்பாகக் கோடு காட்டும். காட்டுவதற்கு நேரம் எடுக்கும். அவசரப்படுத்த வழியில்லை.

நடந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, கோணியைச் சுற்றி நின்றார்கள். கணுக்கால்வரை புழுதி. ஒருத்தியின் செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. பெரிய நர்ஸ் படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தாள். சின்ன நர்ஸ் அவருக்கு எதிரே, இரண்டு பைகளையும் மடியில் வைத்துக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். வாயை மறைக்கவில்லை.

ஏழாவது தண்டில் முடிபோல ஒன்று தெரிந்தது. கோடா, குனிந்திருந்தவர்களின் நிழலா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

"கொஞ்சம் வெளிச்சம் விடுங்க" என்றார்.

எல்லோரும் ஓர் அடி பின்னால் நகர்ந்தார்கள். சின்ன நர்ஸ் நகரவில்லை. பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவர் பார்ப்பதற்கு முன்னால் அவளே குனிந்து பார்த்தாள்.